சரஸ்வதி பூஜைக்கு வைத்த பத்தொன்பது ஃபைல்கள்

நான் சோம்பேறி இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முழுக்கப் படித்த பிறகு சொன்னால் ஒருவரும் நம்ப மாட்டீர்கள். ஒரு வேலையைச் செய்யாமல் இருப்பதற்கு நான் பட்ட பாட்டில் கால்வாசி பட்டிருந்தால் அந்த வேலையே முடிந்திருக்கும். அப்பேர்ப்பட்ட உழைப்பாளி நான்.

அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. திருவனந்தபுரத்தில் ஒரு சர்க்கார் ஆபீசில் ஆக்டிங் குமாஸ்தா. கிழக்கேகோட்டை அக்ரகாரத்தில் ஒரு வாடகை வீடு, கல்யாணமாகி ஒரு வருஷமான மனைவி விசாலம். ஆக்டிங் குமாஸ்தா என்றால் வேலை இருக்கிறது, ஆனால் எப்போது வேண்டுமானாலும் இல்லாமல் போகலாம். எங்கள் சூப்பிரண்டு குறுப்பு சார் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் நிரந்தரம். போடாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு திருநெல்வேலிக்குப் போய் மாமனார் முகத்தில் விழிக்க வேண்டும். (என் மாமனார் முகத்தை நீங்கள் பார்த்ததில்லை. அதிர்ஷ்டசாலிகள்.)

இந்த நிலைமையில் இருப்பவன் எப்படி வேலை செய்திருக்க வேண்டும்? என் மேஜையில் பத்தொன்பது ஃபைல்கள் மாதக்கணக்கில் தூங்கின. அவற்றில் மூத்தது மலையடிவாரத்தில் இருக்கும் வித்துரா என்ற ஊரின் பள்ளிக்கூடத்துக் கூரை. அந்தப் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் ஆறு நினைவூட்டுக் கடிதங்கள் எழுதியிருந்தார். முதல் கடிதத்தில் கூரையில் மூன்று ஓட்டை. மூன்றாவதில் பதினொன்று. ஆறாவது கடிதத்தில் மனிதர் இப்படி எழுதியிருந்தார்: "ஓட்டைகளை எண்ணுவதை விட்டுவிட்டோம். கூரை மிச்சமிருக்கும் இடங்களை எண்ணுவது சுலபமாக இருக்கிறது."

அந்த ஃபைலுக்கு நான் செய்ய வேண்டியது, பழுது பார்க்க அனுமதிக்கலாம் என்று ஒரு நோட்டு எழுதுவது. ஆனால் அதை நல்ல கம்பீரமான இங்கிலீஷில் எழுத வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. இங்கிலீஷ் வரட்டும் என்று காத்திருந்தேன். எட்டு மாதமாக வரவில்லை. வித்துராவில் மழை மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

நவராத்திரி வந்தது. பூஜை விடுமுறைக்கு முதல் நாள் குறுப்பு சார் எல்லோரையும் கூப்பிட்டு, "நாளை முதல் அவதி. சாயங்காலம் நான் இறங்கும்போது ஒரு மேஜையிலும் ஒரு கடலாசும் கிடக்கப்படாது, கேட்டோ?" என்று சொல்லிவிட்டார். (அவர் மலையாளத்தில் அவதி என்றால் விடுமுறை, கடலாசு என்றால் காகிதம்.) மற்றவர்கள் உட்கார்ந்து எழுதினார்கள். நான் பத்தொன்பது ஃபைல்களையும் ஒரு துண்டில் மூட்டையாகக் கட்டி, பின்பக்கத்து வழியாக வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சாயங்காலம் காலியான என் மேஜையைப் பார்த்த குறுப்பு சார், "கொள்ளாம் சுப்பராமா! உன்னைப் பற்றி நான் வேற மாதிரி நினைச்சேன்" என்று முதுகில் தட்டினார். எனக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. அவ்வளவு நன்றாக என்னை நானே நம்பிவிட்டேன்.

மூன்று நாள் விடுமுறை இருக்கிறதே, வீட்டில் நிம்மதியாக உட்கார்ந்து முடித்துவிடலாம் என்பது திட்டம். முதல் நாள், அஷ்டமி. காலையில் மைக்கூட்டைக் கழுவினேன். பேனா முள்ளை மாற்றினேன். மேஜை ஆடியதால் அதன் காலுக்கு அடியில் வைக்க ஒரு தேங்காய்ச் சிரட்டைத் துண்டு தேடினேன். சாப்பிட்டேன். சாப்பிட்டவன் உடனே எழுதினால் ஜீரணத்துக்கு ஆகாது என்று படுத்தேன். எழுந்தபோது சாயங்காலம்.

"ஏன்னா, ஆத்துல இருக்கற புஸ்தகமெல்லாம் எடுத்துண்டு வாங்கோ. பூஜைக்கு வைக்கணும்" என்றாள் விசாலம்.

இந்த ஊர்ப் பழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அஷ்டமி சாயங்காலம் புத்தகங்களையும் பேனாவையும் சரஸ்வதிக்கு முன்னால் வைத்துவிட்டால், விஜயதசமி காலையில் பூஜை எடுக்கும்வரை ஒருவரும் ஓர் எழுத்துப் படிக்கக் கூடாது, எழுதக் கூடாது. தொடவே கூடாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு வருஷத்திலேயே ஆனந்தமான நாட்கள் அவைதான்.

எனக்கும் ஓர் ஆனந்தம் பிறந்தது. மூட்டையை அப்படியே தூக்கிக்கொண்டு போய் பக்தியோடு விசாலத்திடம் நீட்டினேன்.

"இது ஆபீஸ் கட்டுன்னா. இதையுமா?"

"உத்தியோகம்தானேடி நமக்குச் சோறு போடறது? அதுக்கில்லாத பூஜையா?"

அவள் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஆனாலும் கொலுவுக்குப் பக்கத்தில் மணை போட்டு, இருப்பதில் பெரியது என்று என் மூட்டையை அடியில் வைத்து, அதன்மேல் ராமாயணம், பஞ்சாங்கம், சுலோகப் புஸ்தகங்கள் எல்லாவற்றையும் அடுக்கி, பட்டைப் போர்த்திச் சந்தனமும் பூவும் வைத்தாள். ஓரத்தில் மட்டும் சர்க்காரின் சிவப்பு நாடா எட்டிப் பார்த்தது.

அன்று சாயங்காலம் கொலு பார்க்க வந்த பெண்டுகளில் குறுப்பு சாரின் சம்சாரமும் ஒருத்தி. அந்த அம்மாள் சுண்டலை வாங்கிக்கொண்டு சும்மா போயிருக்கலாம். சிவப்பு நாடாவைப் பார்த்துவிட்டு, என்ன பக்தி, என்ன பக்தி என்று உருகி, வீட்டுக்குப் போய்ச் சொல்லியும்விட்டாள்.

மறுநாள் நவமி காலை, குறுப்பு சாரே வாசலில் நின்றார். நேராகக் கொலுவுக்கு வந்து கும்பிட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஆபீஸ் கடலாசை வீட்டுக்குக் கொண்டுவந்தது பெரிய தெற்று. வேற ஒருத்தனா இருந்தா இன்னைக்கே வேலை போயிருக்கும். பக்ஷே முடிச்ச வேலையைத் தேவிக்கு வச்சிருக்கே பாரு, அதனால் நான் ஒண்ணும் சொல்லலை."

முடிச்ச வேலை! நான் நகர்ந்து சிவப்பு நாடாவை மறைத்துக்கொண்டு நின்றேன்.

"நாளைக்கு ஒம்பது மணிக்கு நான் வருவேன். பூஜை எடுத்த கையோட எல்லாத்தையும் எனக்குத் தா. பெரிய துரை பத்து மணிக்கு வித்துரா வழியா பொன்முடிக்குப் போறார். அந்தக் கூரை ஃபைலை அவர் கையில கொடுக்கணும். உன் கன்ஃபர்மேஷன் கடலாசும் என் பையில இருக்கு. அதையும் இங்கே வச்சே கையெழுத்துப் போட்டுடறேன்."

அவர் போன பிறகு நான் கணக்குப் போட்டேன். ஃபைல்கள் முடியவில்லை என்று தெரிந்தால் வேலை போகும். திருடியது போல் வீட்டுக்குக் கொண்டுவந்ததற்கும் சேர்த்துப் போகும். இப்போதே எடுத்து எழுதிவிட்டால் தப்பிக்கலாம். ஆனால் அவை சரஸ்வதிக்கு அடியில் அல்லவா இருக்கின்றன!

விசாலம் அடுக்களையில் இருந்த சமயம் பார்த்து, தெய்வக் குற்றம் வந்தால் வரட்டும் என்று அடியில் இருந்த மூட்டையை மெல்ல இழுத்தேன். மூட்டை வந்தது. கூடவே ராமாயணம் வந்தது, பஞ்சாங்கம் வந்தது, சந்தனக் கிண்ணம் என் தலையில் கவிழ்ந்தது. சத்தம் கேட்டு விசாலம் ஓடிவந்தபோது நான் தரையில் குப்புறக் கிடந்தேன்.

"என்ன பண்றேள்?"

"நமஸ்காரம் பண்றேன்."

"தலையில சந்தனத்தைப் பூசிண்டா?"

இதற்கு மேல் பொய் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். விசாலம் திட்டவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. விழுந்த புத்தகங்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மறுபடியும் அடுக்கி, மூட்டையைப் பழையபடி அடியில் தள்ளி, "விஜயதசமிக்கு முன்னாடி இதைத் தொட்டேள்னா நானே குறுப்பு சார் ஆத்துக்குப் போய்ச் சொல்லுவேன்" என்றாள். நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவளே கேட்டாள்: "எழுதப்படாது, படிக்கப்படாது. சரி. பேசலாமோல்லியோ?"

"பேசலாம். பேசி என்ன பண்றது?"

"ஒவ்வொண்ணா சொல்லுங்கோ. அதுல என்ன இருக்கு, நீங்க என்ன எழுதணும். எனக்குப் புரியறாப்பல சொல்லுங்கோ."

விசாலம் கொலுவுக்கு எதிரே உட்கார்ந்தாள். நான் சொல்லச் சொல்ல, ஒரு ஃபைலுக்கு ஒரு பொம்மை என்று ஒதுக்கிக்கொண்டே வந்தாள். கூரை ஃபைல் மளிகைக்கடைச் செட்டியார் பொம்மைக்கு. கிணற்று வேலி கூர்மாவதாரத்துக்கு. பெஞ்சு கேட்டு வந்த மனு மரப்பாச்சிக்கு.

"செட்டியாருக்கு என்ன எழுதணும்?"

"கூரை போடலாம்னு எழுதணும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"இதுக்கா எட்டு மாசம்?"

அந்தக் கேள்வியை அவள் பத்தொன்பது தடவை கேட்டாள். எனக்கு மானம் போயிற்று. பாதி ஃபைல்களுக்கு ஒரு வரி போதும். இரண்டுக்கு ஒன்றுமே எழுத வேண்டாம், கையெழுத்துப் போட்டு அடுத்த மேஜைக்கு அனுப்பினால் சரி. மாதக்கணக்கில் நான் பயந்து நடுங்கிய மலை, ஒரு மத்தியானப் பேச்சில் வெறும் பொம்மைக் கொலுவாகிவிட்டது. சாயங்காலத்துக்குள் எதற்கு என்ன பதில் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தலைகீழ்ப் பாடம்.

விஜயதசமி. விடியுமுன்பே குளித்துப் பூஜை எடுத்தோம். நான் மூட்டையின் மேல் பாயப் போனேன். விசாலம் கையைப் பிடித்து, அரிசித் தட்டை முன்னால் தள்ளினாள். முதலில் விரலால் அரிசியில் "ஹரிஸ்ரீ" எழுத வேண்டும். எழுதினேன். அந்த ஆபீசில் சேர்ந்த பிறகு நான் தள்ளிப்போடாமல் எழுதிய முதல் எழுத்து அதுதான்.

பிறகு பாருங்கள்! விசாலம் பொம்மையைக் காட்டுவாள், நான் ஃபைலைப் பிரிப்பேன், எழுதுவேன், அவள் ஒற்றுத்தாளால் ஒற்றுவாள். "செட்டியார்!" முடிந்தது. "கூர்மம்!" முடிந்தது. கம்பீரமான இங்கிலீஷ் தேவைப்படவே இல்லை. சாதாரண இங்கிலீஷே ஓடி ஓடி வந்தது. ஐந்து, பத்து, பதினைந்து! எனக்கே என்னைப் பார்த்து ஆச்சரியம். அடே, இவன் யார், இவ்வளவு நாள் எங்கே இருந்தான் என்று கேட்கத் தோன்றியது.

பதினேழாவது முடிந்தபோது வாசலில் செருப்புச் சத்தம். குறுப்பு சார் அரைமணி முன்னதாகவே வந்துவிட்டார்.

விசாலம் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வெளியே போய், அவரைத் திண்ணையிலேயே உட்கார வைத்தாள். "வாங்கோ, வாங்கோ. கொலு பாக்க வந்தவா பாடாம போகப்படாது. நீங்க நன்னா பாடுவேள்னு உங்காத்து அம்மா சொன்னா."

"ஏய், நான் எங்கே பாடறது!" என்றார் குறுப்பு சார். சொல்லும்போதே தொண்டையைச் செருமிவிட்டார். பிறகு ஆலாபனை ஆரம்பித்தது. நல்ல மனுஷர், சுருதி மட்டும் அவரோடு ஒத்துப்போகாது. நானோ உள்ளே, இன்னும் நீளட்டும், இன்னும் நீளட்டும் என்று வேண்டிக்கொண்டே எழுதினேன். திருவனந்தபுரத்தில் அவர் பாட்டு நீள வேண்டும் என்று பிரார்த்தித்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். அவர் முடித்து மூச்சு வாங்கியபோது பத்தொன்பதாவது ஃபைலில் கையெழுத்துப் போட்டேன்.

கட்டைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்து நடந்து போய்க் கொடுத்தேன். குறுப்பு சார் மேலாக இருந்ததைப் புரட்டினார். அவர் கட்டைவிரலில் மை ஒட்டியது. விரலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் நெற்றியிலும் மை.

"இது எப்போ எழுதினது?"

"இப்பத்தான் சார். எல்லாமே இன்னைக்கு எழுதினது. முடிச்சு பூஜைக்கு வைக்கலை. முடிக்காம ஒளிச்சு வச்சேன்." சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.

"எத்தனை மணிக்கு உட்கார்ந்தே?"

"ஆறு மணிக்கு சார்."

காகிதம் புரளும் சத்தம் மட்டும் கேட்டது. கண்ணைத் திறந்தபோது அவர் கூரை ஃபைலைப் படித்துக்கொண்டிருந்தார். "நல்ல நோட்டு. சுருக்கமா இருக்கு" என்றார். பிறகு பையிலிருந்து கன்ஃபர்மேஷன் காகிதத்தை எடுத்து, என் பேனாவையே வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

"சந்தோஷப்படாதே. மூணு மணிக்கூரில் பத்தொம்பது முடிக்கறவன் நீன்னு இப்போ எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நாளை முதல் பக்கத்து மேஜைக் கடலாசும் உனக்குத்தான்."

நான் சந்தோஷப்பட்டேன். தெருவில் இறங்கி ஓடலாம் போல இருந்தது. விசாலம் கதவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அழவும் செய்தாள். இரண்டு மாதம் கழித்து வித்துராவிலிருந்து ஏழாவது கடிதம் வந்தது. "கூரை வந்தது. இப்போது மழை வெளியில் மட்டும் பெய்கிறது." அந்த ஒரு கடிதத்தை மட்டும் நான் ஃபைலில் சேர்க்காமல் என்னிடமே வைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் கொலுப் பொம்மைகளைப் பெட்டியில் வைத்தபோது விசாலம் செட்டியாரை மட்டும் வெளியே விட்டுவிட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் எதைத் தள்ளிப்போட்டாலும் திட்டுக் கிடையாது; செட்டியார் வந்து அவர்கள் எதிரில் உட்கார்ந்துவிடுவார். குழந்தைகள் கணக்குப் போடாவிட்டால் அவர்கள் பலகைக்குப் பக்கத்தில். நான் சவரம் செய்யாவிட்டால் கண்ணாடிக்கு முன்னால். வந்த விருந்தாளிகள் கதையைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரிப்பார்கள், நான் வெற்றிலை போட்டுக்கொண்டு சும்மா இருப்பேன்.

போன தை மாதம் மூத்தவள் கல்யாணம். சீரில் வேறெது குறைந்தாலும் பரவாயில்லை, செட்டியார் வேண்டும் என்று பிடிவாதமாக வாங்கிக்கொண்டு போனாள். மாப்பிள்ளை தங்கமான பையன், எதற்கும் "நாளைக்குப் பார்க்கலாம்" என்பவர். நேற்று அவரிடமிருந்து ஒரு கடிதம். க்ஷேமம் விசாரித்துவிட்டு, கடைசியில் பொடி எழுத்தில் கேட்டிருந்தார்: "அந்தச் செட்டியாரைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா, மாமா?"

கடிதத்தைப் படித்த கையோடு உட்கார்ந்து பதில் எழுதி, நானே நடந்து போய்த் தபாலில் போட்டேன். ஒரே வார்த்தைதான் எழுதினேன்: "முடியாது."