எட்டு இதழ்த் தாமரையும் தலைகீழ் மானிட்டரும்

மர்பி டவுன், பெங்களூர்
18-8-1998

அன்புள்ள மங்களத்துக்கு உன் வீட்டுக்காரன் சாமிநாதன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் தாரணியும் சுகம், கம்ப்யூட்டரும் இப்போது சுகம். தங்கவயலில் நீயும் நம் மகள் கிருத்திகாவும் அவளுக்குப் பிறந்த பேத்தியும் சுகமாக இருக்க வேண்டும்.

ஆமாம், நானேதான் எழுதுகிறேன். எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிற டோரீன் டீச்சர் பக்கத்தில்கூட இல்லை. இத்தனை வருஷமாக வந்த கடிதத்தையெல்லாம் நீதான் எனக்குப் படித்துக் காட்டினாய். இதை நீ யாருக்கும் படித்துக் காட்ட வேண்டாம். ஏனென்றால் இது மன்னிப்புக் கடிதம். தாரணி வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கும் ஆபீஸ் கம்ப்யூட்டரைத் தொடாதே என்று பஸ் ஏறும்போதுகூடச் சொன்னாய். தொட்டுவிட்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன். கல்யாணப் பத்திரிகை போடும் ஒரு கம்பெனிக்காக நம் தாரணி கம்ப்யூட்டரில் தாமரை வரைய வேண்டும். எட்டு இதழ். ஒவ்வொரு இதழும் நடுவில் கருஞ்சிவப்பாக ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து, நுனியில் வெள்ளையாக முடிய வேண்டும். ஒரே ஒரு இதழை வரைந்து அதையே சுற்றிச் சுற்றித் திருப்பி வைத்தால் பூ வந்துவிடுமாம். இதழ் திரும்பியது, கலர் திரும்பவில்லை. எங்கே வைத்தாலும் மேல்பக்கம் வெள்ளை, கீழ்ப்பக்கம் சிவப்பு என்றே நின்றது. அதனால் உச்சி இதழ் சரியாக இருந்தது, அடி இதழுக்கு நுனி கருத்து நடு வெளுத்துக் கிடந்தது. திங்கட்கிழமைக்குள் சரி செய்து காட்டினால்தான் அவளை நிரந்தரம் ஆக்குவதைப் பற்றிப் பேசுவேன் என்று அவளுடைய மேலதிகாரி சுந்தரராமன் சார் சொல்லியிருந்தார். நாலு நாள் அந்தப் பூவைப் பார்த்துப் பார்த்து அழுதாள், மங்களம். சாப்பிடக் கூப்பிட்டால், "கலர் திரும்பட்டும்ப்பா, வரேன்" என்றாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து மானிட்டரைத் தூக்கித் தலைகீழாக வைத்தேன். முப்பது வருஷம் கூட்ஸ் ஷெட்டில் பெட்டி புரட்டினவனுக்கு அது ஒரு கனமா? அடி இதழ் மேலே வந்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். மேலே வந்தது, வந்தும் தப்பாகவே இருந்தது. அதோடு திரையின் மூலையில் ஊதாவும் பச்சையுமாக ஒரு பெரிய கறை பிடித்துக்கொண்டது. முந்தானை நுனியால் துடைக்க நீயும் இல்லை, என் துண்டால் துடைத்தேன், போகவில்லை. அதற்குள் தாரணி வந்து அலறிய அலறலில் மாடி வீட்டம்மா என்ன ஆச்சோ என்று பயந்து, "ஏனாயித்து?" என்று கத்தினார்கள். ஒன்றுமில்லை என்று சமாளிக்க, "ஏனில்லா, ஏனில்லா" என்று நானும் கத்தினேன்.

"அப்பா! இன்னாப்பா பண்ணி வச்சிருக்க? தலகீழா நிக்குது!"

"கலர் திரும்பலன்னு அழுதியே கண்ணு. அதான் பெட்டிய திருப்பிப் பாத்தேன்."

"பெட்டிய திருப்புனா? மூட்டையாப்பா இது?"

அடிக்க வந்தவள், தலையில் துண்டோடு தரையில் உட்கார்ந்து சிரித்தாள். நாலு நாளில் முதல் சிரிப்பு. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கழுத்தைச் சாய்த்துத் திரையையே பார்த்தாள்.

"இரு இரு. நீ திருப்புனப்ப கலரும் கூடவே வந்திருக்கு. நான் இதழுக்கு மட்டும்தான் திருப்புற கணக்கு குடுக்கறேன். கலருக்கு குடுக்கவே இல்ல."

"நான் ஒண்ணும் பண்ணலம்மா."

"நீ ஒண்ணும் பண்ணாத. மொதல்ல நிமித்தி வையி."

அவளோடு வேலை செய்கிற ஜூடித்துக்குப் போன் போட்டாள். கறை போவதற்கென்றே மானிட்டரில் ஒரு பொத்தான் இருக்கிறது என்று அந்தப் பெண் சொன்னாள். அமுக்கியதும் 'டங்' என்று படம் ஒரு குலுங்கு குலுங்கிக் கறை மறைந்தது. நான் பிள்ளையாருக்குத் தேங்காய் வேண்டிக்கொண்டேன். சாயங்காலத்துக்குள் தாமரை எட்டு இதழிலும் நுனி வெளுத்து ஜம்மென்று பூத்துவிட்டது. சுந்தரராமன் சாருக்கும் பிடித்துவிட்டது. நாளைக்குப் பத்திரிகைக் கம்பெனிக்காரர் பார்த்துச் சரி என்றால் வேலை நிரந்தரம்.

உன்னை மன்னித்தேன் என்று எனக்கு ஒரு வரி எழுது. அதை நானே படித்துக்கொள்வேன். கிருத்திகாவுக்கு என் ஆசீர்வாதம், பேத்தியின் உள்ளங்காலுக்கு என் முத்தம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் சாமிநாதன்

பி.கு: புதன்கிழமை இரவு எழுதுகிறேன். தாரணி இப்போதுதான் வந்தாள். கம்பெனிக்காரருக்குப் பூவைக் காட்டும்போது பழைய பூவும் தவறிப்போய்ச் சேர்ந்து வந்துவிட்டதாம். அவர் கலர் திரும்பாத அந்தப் பூவையே கேட்டுவிட்டார். மேலேயிருந்து வெயில் விழுந்த மாதிரி அழகாக இருக்கிறதாம்! எப்படிக் கேட்டாலும் வரைந்து கொடுக்கிற பெண் என்று சார் அங்கேயே நிரந்தரம் ஆக்கிவிட்டார். ஆக, நாலு நாள் அவள் அழுதது நல்ல பூவைப் பார்த்துத்தான். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடலாமா என்று பார்த்தேன். உனக்கு நான் எழுதிய முதல் கடிதமாயிற்றே, மனசு வரவில்லை.