இரண்டு டிஸ்க்கிலும் பிள்ளையார்

"மொதல்ல என்ன போட்டே?" என்று கேட்டார் மேனேஜர் குப்புசாமி.

தேவேந்திரன் கையிலிருந்த நோட்டைப் புரட்டினான். "அன்னப்பட்சி பார்டர் சார்."

"புது டிஸ்க்குல மொதல்ல அன்னப்பட்சியா? பிள்ளையார் போடாமயா?"

முனிரத்தினம் முதலாளியின் பட்டுக்கடையில் கம்ப்யூட்டரில் சேலை டிசைன் போடுபவன் தேவேந்திரன். ஆயிரத்து நூறு டிசைன்கள் இருந்த பழைய கம்ப்யூட்டர் போன வாரம் முனக ஆரம்பித்தது. முதலாளி பயந்துபோய், தனியாக வைத்துக்கொள்ளும் ஹார்ட் டிஸ்க்காக இரண்டு வாங்கிக் கொடுத்தார். ஒன்று போனாலும் ஒன்று இருக்கட்டும் என்று.

தேவேந்திரன் மாலைக் கம்ப்யூட்டர் வகுப்பில் எழுதிய குறிப்பின்படி, ஒரு டிஸ்க்கில் செய்வது மற்றதிலும் தானாக நடக்கும்படி ஒரு புரோகிராம் போட்டான். டிசைன்களை ஏற்றி மூன்று முறை எண்ணினான். மூன்றும் தப்பாக இருக்குமோ என்று நான்காவது முறையும் எண்ணினான். ஒரே டிசைன் மூன்று இடத்தில் இருந்தால் எது அசல் என்று சந்தேகம் வரவே, கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்துவிட்டு நோட்டில் டிக் அடித்தான்.

"புது நோட்டுல சுழி போடாம எழுதுவியா?" என்றார் குப்புசாமி. "எல்லாத்தையும் எடுத்துட்டு மொதல்ல பிள்ளையாரைப் போடு."

"அழிக்கணும் சார்."

"அழியேன்பா. இன்னொன்னு இருக்குது இல்ல? அதுலருந்து திரும்ப எடுத்துக்கோ. பின்ன ரெண்டு எதுக்கு?"

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. முதல் டிஸ்க்கைக் காலி செய்து பிள்ளையார் படத்தை ஏற்றினான். பிறகு இரண்டாவதைத் திறந்தான். அங்கும் பிள்ளையார் மட்டும்தான் இருந்தார். அதே தும்பிக்கை, அதே கொழுக்கட்டை.

புரோகிராம் சொன்னபடி நடந்திருந்தது.

"என்னப்பா வேர்க்குது உனக்கு?"

"ஒண்ணுமில்ல சார்."

அழிந்ததை மீட்கும் புரோகிராம் ஒன்றை வகுப்பில் கொடுத்திருந்தார்கள். ஓட்டினான். மீண்டதை அதே டிஸ்க்கிலேயே சேமித்தான். அது மிச்சமிருந்தவற்றின் தலைமேல் போய் உட்கார்ந்தது. ஆயிரத்து நூறில் முப்பத்தேழு தேறின. அன்னங்களுக்குக் கழுத்து இல்லை. மயிலுக்குத் தும்பிக்கை இருந்தது.

"பிடுங்கிட்டு மறுபடி சொருகிப் பாரு," என்றார் குப்புசாமி.

சொருகினான். டிஸ்க்கை ஃபார்மட் செய்யட்டுமா என்று கம்ப்யூட்டர் ஆங்கிலத்தில் பணிவாகக் கேட்டது. அந்தப் பதற்றத்தில், ஆமாம் என்பதே மரியாதையான பதிலாக அவனுக்குப் பட்டது. இப்போது இரண்டிலும் பிள்ளையாரும் இல்லை.

முதலாளி வந்தார். நாளை தறி ஏற வேண்டிய முகூர்த்தச் சேலையின் டிசைனைக் கேட்டார். நடந்ததைத் தேவேந்திரன் நோட்டில் இருந்த வரிசைப்படி ஒப்பித்தான்.

"நம்பாதீங்க மொதலாளி," என்றார் குப்புசாமி. "ரெண்டு டிஸ்க்கு ஒரே நேரத்துல காலியாவுமா? சரக்கு வெளிய போயிடுச்சு. இவன் டிபன் டப்பாவைத் தெனமும் தொறந்து பாக்கறேன், அதையும் மீறி வித்துட்டான்."

"வித்துட்டியாடா?"

"இல்ல மொதலாளி. எல்லாத்துக்கும் டிக் இருக்குது, பாருங்க."

முதலாளி நோட்டைத் தள்ளிவிட்டார். "திருட்டுப் பட்டத்தோட இந்த ஊர்ல எவன் உனக்கு வேலை குடுக்கறான்னு பாக்கறேன். குப்புசாமி, ஸ்டேஷனுக்கு போன் போடு."

குப்புசாமி மிகுந்த வருத்தத்துடன் போனை எடுத்தார். தேவேந்திரனுக்குக் கண் கலங்கியது. நாம்தான் விற்றுவிட்டு மறந்துவிட்டோமோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

கடை பெருக்கும் பொன்னியம்மாள் துடைப்பத்தை ஓரமாக வைத்துவிட்டு அவன் அருகில் வந்தாள்.

"இதுக்குப் போயி ஏம்பா அழுதுக்கினு இருக்கே? இதே அன்னம், இதே மயிலு எல்லாம் எதுத்த பட்டுக்கடை கம்ப்யூட்டர் பொட்டியில பத்திரமா இருக்குது, வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழமை மேனேஜர் சார் குடுத்தனுப்பற சீடியை நான்தானே கொண்டுபோயிக் குடுக்கறேன்."