நுரை தள்ளிய மிக்கேல்

வலை வீசிப் பிழைக்கிற குடும்பத்தில் பிறந்துவிட்டு மீனுக்கு வைத்தியம் பார்த்த பெண் பாம்பனில் நான் ஒருத்திதான். ஊரே சிரித்தது. இன்றைக்கு ஒரு சண்டை மீன் கிடைத்தாலும் இதையேதான் செய்வேன் (உப்பு விஷயம் மட்டும் வேறு).

தனுஷ்கோடிக்குக் கப்பல் ஓடிக்கொண்டிருந்த காலம். கொழும்பில் கடை வேலை பார்த்த என் அண்ணன் ஊருக்கு வந்தபோது, ஒரு கண்ணாடிச் சாடியில் சண்டை மீன் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். சுண்டுவிரல் நீளம், நீலப் பட்டு மாதிரித் துடுப்பு. கண்ணாடியைக் காட்டினால் தன் நிழலோடேயே மல்லுக்கு நிற்கும். அதனால் பசாசைக் காலில் போட்டு மிதித்த சம்மனசின், அந்த வானதூதரின், பேரை வைத்தேன்: மிக்கேல். எனக்கு நிச்சயித்திருந்த மாப்பிள்ளை பேரும் மிக்கேல்தான். அதற்கு நான் என்ன செய்ய? எங்கள் தெருவில் கல்லெறிந்தால் ஏதாவது ஒரு மிக்கேல் மேல்தான் விழும்.

"குழம்புக்கும் ஆவாது, கருவாட்டுக்கும் ஆவாது. இதுக்குப் பேரு வேற" என்பார் என்னைப் பெற்ற அய்யா.

இன்னாருக்கு இன்னார் என்று மாதா கோயில் பூசையில் மூன்று ஞாயிறு வாசிக்கிற கல்யாண ஓலையை எங்களுக்கு இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று. மூன்றாவது ஓலையும் வாசித்துவிட்டால் கல்யாணம். அந்த வாரம் பார்த்து மிக்கேல் (மீன்தான்) நுரை விட ஆரம்பித்தான். தண்ணீரின் மேல் ஓரமாக நுரை திரண்டு நின்றது. வழித்து எறிந்தேன். மறுநாளும் அதே நுரை, தினமும் வழித்தேன். நுரை தள்ளினால் சாகப்போகிறது என்றுதானே அர்த்தம்? கடலைப் பிரிந்த ஏக்கம் என்று நானே நோயைக் கண்டுபிடித்து, நானே மருந்தையும் கண்டுபிடித்து, ஒரு செம்பு கடல்தண்ணீரைச் சாடியில் ஊற்றினேன்.

அதற்குப் பிறகுதான் அவனுக்கு நிஜமாகவே சீக்கு வந்தது. துடுப்பு ஒடுங்கி, நிறம் வெளுத்து, அடியில் ஒருக்களித்துக் கிடந்தான். எனக்கு அழுகை முட்டியது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற ரோசம்மாக்காவிடம், "அக்கா, மிக்கேலு நுரை தள்ளிக் கெடக்கான், பொழைக்க மாட்டான் போலருக்கே" என்று கதறினேன்.

ரோசம்மாக்கா என் சாடியை ஒரு நாளும் பார்த்ததில்லை. நேரே பங்குச் சாமியார் பங்களாவுக்கு ஓடினாள்.

சாகக் கிடக்கிறவர்களுக்குக் கொடுக்கிற அவஸ்தைப் பூசுதலுக்கு, எண்ணெய்ச் சிமிழோடு சாமியார் வந்து நின்றார். பின்னால் மார்பில் அடித்துக்கொண்டு என் வருங்கால மாமியார். அவருக்குப் பின்னால் பாதித் தெரு. யாருக்கு என்ன ஆச்சு என்று அந்தக் கூட்டத்திலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டு மாப்பிள்ளையும் நின்றார்.

"எங்கம்மா மிக்கேல்?" என்றார் சாமியார்.

சாடியைக் காட்டினேன்.

சாமியாருக்குக் கோபம் வரவில்லை. சாடியில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "உப்புக் கரிக்குதே. அண்ணன் எந்தத் தண்ணியில கொண்டுவந்தான்?"

"நல்ல தண்ணியில சாமி." சொல்லும்போதே எனக்கு உறைத்துவிட்டது. (கடலைத் தவிர வேறு எங்கும் மீன் இருக்கும் என்று எங்கள் வீட்டில் யாருக்குத் தோன்றும்?)

அதற்குள் மாமியார் கூட்டத்தில் மகனைக் கண்டுவிட்டார். அழுகை நின்றது, கோபம் என் பக்கம் திரும்பியது. "நல்ல தண்ணி மீனுக்கு உப்புத் தண்ணி ஊத்துனவ, எம் மவனுக்கு என்னத்த ஊத்துவாளோ. மீனுப் பேரை மாத்தச் சொல்லுங்க சாமி. இல்லேன்னா மூணாவது ஓலை வேணாம்."

எனக்கு மாப்பிள்ளையை ரொம்பப் பிடித்திருந்தது. ஆனாலும் சாகக் கிடக்கிறவனிடமிருந்து பேரைப் பிடுங்க மனசு வரவில்லை.

"மாத்த மாட்டேன் அத்தை. வேணும்னா ஒங்க மவன் பேரை மாத்திக்கிருங்க."

மாப்பிள்ளை முன்னால் வந்தார். "ஆத்தா, ஒரு வீட்டுல ரெண்டு மிக்கேலு இருந்துட்டுப் போறோம்" என்றவர், என்னைப் பார்த்து, "நல்ல தண்ணிக் கொடம் எங்கன இருக்கு?" என்றார்.

தண்ணீரை மாற்றியதும் மீன் மெல்லத் தேறியது. ஓலையும் வாசித்தார்கள். கல்யாணத்துக்கு வந்த அண்ணன் சாடியைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். நுரை திரும்பவும் திரண்டிருந்தது. "கிறுக்கி, இது சீக்கு இல்ல. ஆம்பள மீனு பொண்டாட்டிக்கு வீடு கட்டுது."

அவன் கட்டிய வீட்டை நான் தினம் காலையில் வழித்து எறிந்திருக்கிறேன்.

கல்யாணமான நாள் முதல் என் கணவரும் ஓட்டு வீடு கட்டுகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். மழையில் கூரை ஒழுகும்போதெல்லாம் பிள்ளைகள் முன்னாலேயே சொல்வேன், "ரெண்டு மிக்கேல்ல தப்பான மிக்கேலைக் கட்டிக்கிட்டேன்" என்று.

ஒழுகுகிற இடத்துக்குச் சட்டியை நகர்த்தி வைத்துக்கொண்டே அவர் சொல்வார்: "கட்டுனா நீதான் வழிச்சு எறிஞ்சிருவியே."