புரோட்டீன் துரை

கொல்லிமலையிலேயே மொச்சைக் கொட்டையை மருந்துச் சீட்டில் எழுதிய ஒரே மனிதர் எங்கள் கம்பவுண்டர்தான். காய்ச்சலா, மொச்சை. முதுகுவலியா, மொச்சை. மாமியாரோடு சண்டை என்று போனாலும் அரைப்படி மொச்சை தின்னச் சொல்லித்தான் அனுப்புவார். மலை முழுக்க அவருக்கு மொச்சைக் கம்பவுண்டர் என்றே பெயர்.

வெள்ளைக்காரன் காலம். நான் ஃபாரஸ்ட் ஆபீஸில் ரைட்டர். மலைக்காய்ச்சலுக்குப் பயந்து என் சம்சாரம் கீழேயே இருந்துவிட்டாள். மாலையானால் மூடுபனியும் மழையும்தான். பேச்சுத் துணைக்கு எனக்கு அவர், அவருக்கு நான். வேறு நாதியில்லை.

ஒருநாள் பாறையில் வழுக்கி விழுந்து கம்பவுண்டரின் இடதுகால் முறிந்தது. கட்டைப் பிரித்தபோது கெண்டைக்கால் முருங்கைக்காய் மாதிரி இருந்தது. அவர் அசரவில்லை. ஏதோ பழைய வைத்தியப் புத்தகத்தைப் புரட்டினார்.

"ஒடம்புல சதையைக் கட்டுறவன் புரோட்டீனுங்க ரைட்டரே! கிழிஞ்சா ஒட்டுப் போடுறவனும் அவன்தான். மொச்சையில மண்டிக் கெடக்குறான்!"

வந்தவர் போனவரிடமெல்லாம் இதே புராணம். எங்களுக்கு மொச்சை விற்கிற பாப்பாயி மூன்று நாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏனுங்க, அந்தப் புரோட்டீன் தொரை மலைக்கு எப்பங்க வாராரு?" என்றாள்.

அவருக்கு அவசரம் இருந்தது. பென்ஷன் உத்தரவு வந்துவிட்டது. கீழே மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. இனி மகள் வீட்டோடுதான். கால் முறிந்ததை அவளுக்கு எழுதவே இல்லை. "டோலி பேசட்டுங்களா?" என்றேன்.

"பேத்தியை மொதமொதல்ல பாக்கப் போறேன். நாலு பேரு தூக்கிட்டா போவாங்க? நடந்துதானுங்க போவேன்!"

அப்புறம் கட்டிலை விட்டு இறங்கவில்லை. அவித்த மொச்சை, வறுத்த மொச்சை, மொச்சைக் குழம்பு. ஞாயிறுதோறும் இரண்டு கெண்டைக்காலையும் ஒரே சணலில் அளந்து காலுக்கொரு முடிச்சுப் போடுவார். முடிச்சுகள் வாராவாரம் நெருங்கி வந்தன. ஒரு ஞாயிறு, இரண்டும் சமம்! பேத்திக்குத் தானே தைத்த சட்டையை மடித்து எடுத்துக்கொண்டு அப்போதே கிளம்பிவிட்டார். நானும் கூடவே போனேன். நூறடி தாண்டவில்லை, இரண்டு காலும் வெடவெடத்துப் பாறையில் உட்கார்ந்துவிட்டார்.

எதிரே வந்த பாப்பாயி குனிந்து பார்த்தாள். "எளச்ச காலு தேறலீங்க. நல்ல காலும் எளச்சுப் போச்சுங்க!"

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். திரும்பிப் பார்த்தால், மனிதர் அந்தச் சின்னச் சட்டையை முகத்தில் வைத்து அழுதுகொண்டிருந்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"சும்மா படுத்திருக்கிற எடத்துக்கு எந்தத் தொரைங்க வருவாரு?" என்றாள் பாப்பாயி. "வேலை நடக்கிற எடத்துக்குத்தானுங்க வருவாரு. எந்திரிச்சு நடங்க சாமி."

மறுநாளிலிருந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். முதலில் ஊற்று வரை, பிறகு ஓடை வரை, பிறகு மேட்டுக்கு. வழியெல்லாம் எனக்குத் திட்டு. "கொல்லிமலைன்னு பேரு வெச்சவன் உங்களைப் பாத்துத்தானுங்க வெச்சிருக்கோணும்!" மொச்சையும் நடையும் சேர்ந்ததில் கால் நிஜமாகவே தேறிவிட்டது.

ஒரு காலையில் கைத்தடியோடு தனியாகவே இறங்கிப் போனார். அன்று மாலை நான் ஊற்று வரை நடந்தேன். தோளில் கனமில்லை. யாரும் திட்டவில்லை.

அவர் கால் தேற வேண்டும் என்று வெள்ளிக்கிழமைதோறும் அறப்பளீசுவரரைக் கும்பிட்டவன் நான். இன்னும் ஒரு மாதம் கழித்துத் தேறட்டுமே என்று கும்பிட்டவனும் நான்தான்.