முட்டைத் திருடனின் முழுத் தெளிவுப் படம்

ஒரு காட்டில், முட்டையிடுவது ஒருவர், தின்பது வேறொருவர் என்ற ஏற்பாடு வெகு சிறப்பாக நடந்து வந்தது. பொன்னரசி என்ற காட்டுக்கோழிக்கு மட்டும் அதில் உடன்பாடில்லை. அவள் இரை தேடிவிட்டுத் திரும்பினால் கூட்டில் ஒரு முட்டை குறைந்திருக்கும். வயிறெரிந்து புகார் கொடுக்கப் போனாள்.

"ஆதாரம் வேணுமேம்மா," என்றார் மந்திரி நரி, பல்லைக் குத்தியபடி.

பொன்னரசி ஒரு கேமராவை வாங்கிக் கூட்டுக்கு எதிரே மரத்தில் கட்டினாள். எது அசைந்தாலும் தானாகப் படம் எடுக்கும் கேமரா. விற்ற குரங்கு, "தரத்தைக் குறைச்சு வச்சுக்கோக்கா. கார்டுல நிறைய படம் பிடிக்கும்," என்றது. நிறைய என்ற சொல்லுக்கு மயங்காத கோழி உண்டா? அப்படியே வைத்தாள்.

மறுநாளும் முட்டை போயிற்று. கார்டு நிறையப் படங்கள். அத்தனையிலும் ஒரு பழுப்புத் திட்டு.

மந்திரி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "புத்து மாதிரி இருக்கு. புத்தை எப்படிம்மா கைது பண்றது? தெளிவா எடுத்துட்டு வா."

இப்போது கூட்டில் இருந்தவை இரண்டே முட்டைகள். ஒன்றாவது குஞ்சாக வேண்டுமே என்று பொன்னரசி கேமராவின் தரம், அளவு எல்லாவற்றையும் உச்சத்தில் வைத்தாள். ஒரு முட்டை போனது. ஆனால் படம் என்ன படம்! மீசை முடியை எண்ணலாம். வாயோரம் மஞ்சள் கரு. சந்தேகமே இல்லை, மந்திரியின் மச்சான்தான்.

மந்திரி படத்தைப் பார்த்தார். மச்சானையும் கூப்பிட்டுக் காட்டினார். மச்சானுக்குக் கண் கலங்கிவிட்டது.

"மாமா, என்னை இவ்வளவு அழகா யாருமே எடுத்ததில்ல."

"எவ்வளவு பெரிய பேனர் அடிச்சாலும் படம் புள்ளி புள்ளியா உடையாது மாப்ளே. பேனர் அடிக்கிறவன்கிட்ட வாயை மட்டும் துடைச்சிரச் சொல்லுவோம்."

காட்டு முகப்பில் மச்சானின் படத்தோடு பேனர் ஏறியது: 'முட்டைப் பாதுகாப்பு வாரியத் தலைவரே, வருக!' கீழே வாழ்த்துவோர் வரிசையில் பொன்னரசியின் முகமும் இருந்தது, தபால்தலை அளவில். புதிய தலைவர் முதல் வேலையாகக் கூட்டுக்கு நேரில் வந்து, கடைசி முட்டையைப் பாதுகாப்புக்காக எடுத்துப் போனார். பொன்னரசி தேம்பித் தேம்பி அழுதாள். அதையும் படம் எடுத்து, 'பயனாளியின் ஆனந்தக் கண்ணீர்' என்று போட்டார்கள்.

நீதி: திருடனைப் படம் பிடிப்பதானால் தரத்தைக் குறைத்தே வையுங்கள். முட்டை எப்படியும் போகும், பேனராவது ஏறாது.