ஒன்பது சதவீதத்தில் பெரிய மச்சான்

எனக்குப் படம் வரையத் தெரியும். வரைந்ததைப் பத்திரமாக வைக்கத் தெரியாது. இதை ஒப்புக்கொள்ள ஒரு காதுகுத்து தேவைப்பட்டது.

சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டத்துக்கு மருந்து அடிப்பது என் வேலை. மதியம் சாப்பிட்டதும் பந்தலுக்கு அடியில் உட்கார்ந்து போனில் விரலால் வரைவேன். தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து வந்தது. தாய்மாமன் நான். வாசல் பிளக்ஸை நானே வரைகிறேன் என்று சொல்லிவிட்டேன். (யாரும் கேட்கவில்லை.)

பத்து நாள் வரைந்தேன். திராட்சைக் கொடி வளைவு. நடுவில் பிள்ளை, பக்கத்தில் நான், சுற்றிலும் சொந்தக்காரர்கள். ஒவ்வொன்றும் தனித்தனி அடுக்கு, எதையும் நகர்த்தலாம். முடித்ததும் ஜேபிஜியாகச் சேமித்தேன். எல்லார் போனிலும் திறக்குமே. தங்கச்சிக்கும் அனுப்பினேன். அடுக்குகள் இருந்த மூலக் கோப்பு பாதி இடத்தை அடைத்திருந்தது. அழித்தேன். (கெட்டிக்காரன் என்று நினைப்பு.)

விசேஷத்துக்கு முதல் நாள் காலையில் தங்கச்சி தேவதானப்பட்டியிலிருந்து போன் போட்டாள்.

"அண்ணே, இவுக அண்ணன் படத்தக் காணமே?"

தங்கச்சி புருஷனின் அண்ணன், எனக்குப் பெரிய மச்சான்.

"மறந்துட்டேன்."

"நல்லா மறந்த போ! படம் இல்லேனா அவுக வரமாட்டாக. அவுக வரலேனா இவுக மூஞ்சியத் தூக்கிக்குவாக. அந்த வீட்டுல குடும்பம் நடத்துறது நீயா நானா?"

"வச்சிர்றேன்."

வைக்க முடியவில்லை. ஜேபிஜியில் அடுக்கெல்லாம் ஒட்டி ஒரே படமாகிவிட்டது. ஒரு முகத்தை நகர்த்தினால் கொடியும் சேர்ந்து வந்தது. கடைசியில் என் முகத்தின் மேலேயே அவரை ஒட்டிவிட முடிவு செய்தேன்.

கம்பத்து பிளக்ஸ் கடைக்காரர், "பின்னணிய எடுத்துட்டு பிஎன்ஜியா அனுப்புங்கண்ணே, ஒட்டிர்றேன்" என்றார்.

பெரிய மச்சானைத் தனியாக வரைந்து பின்னணியை எடுத்தேன். பின்னால் சாம்பலும் வெள்ளையுமாகக் கட்டம் தெரிந்தது. அங்கே ஒன்றும் இல்லை என்பதற்குத்தான் அந்தக் கட்டமாம். பிறகு தெரிந்தது. சேமிக்கப் போனால் ஐந்து வகை காட்டியது. ஏற்கெனவே ஒரு வகையில் அடிபட்டவன். வம்பே வேண்டாம் என்று ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினேன்.

"அப்படியே ஒட்டுங்க. எதையும் மாத்தாதீக."

(மாற்றவில்லை. நல்ல மனிதர்.)

மறுநாள் வாசலில் எட்டடி பிளக்ஸ். என் முகம் இருந்த இடத்தில் கட்டம் கட்டமாக ஒரு சதுரம். அதற்குள் பெரிய மச்சான். அவர் தலைக்கு மேல் என் போன் பேட்டரி, ஒன்பது சதவீதம்.

தங்கச்சி என்னைப் பார்த்தாள். நான் வாழைமரத்தைப் பார்த்தேன்.

பெரிய மச்சான் வண்டியை விட்டு இறங்கினார். பிளக்ஸ் முன்னால் நின்றார். வெகுநேரம் நின்றார்.

"மாப்ள."

"சொல்லுங்க மச்சான்."

"எல்லாருக்கும் திராட்சக் கொடி. எனக்கு மட்டும் எதுக்குய்யா கைலிய விரிச்சிருக்க?"

அவர் விரல் மேலே பேட்டரிக்குப் போனது.

"அதென்ன ஒம்பது? எனக்கு அம்புட்டுத்தேன் உசுரா?"

பந்தலில் யாரோ சிரித்தார்கள். பிறகு அவரே சிரித்தார். தங்கச்சிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"சரி, தாய்மாமன் எங்கன?"

"உங்களுக்கு அடியில இருக்கேன்."

"வெளிய வாய்யா" என்று கையைப் பிடித்து இழுத்து, பிளக்ஸ் பக்கத்தில் என்னை நிறுத்தினார். போட்டோ எடுத்து முடிகிற வரை நகர விடவில்லை.

இப்போது மூலக் கோப்பு எதையும் அழிப்பதில்லை. போன் இடமில்லை என்று கத்துகிறது. கத்தட்டும். பொங்கலுக்குப் பொங்கல் அவர் வீட்டிலிருந்து எனக்கு ஒரு கட்டம் போட்ட கைலி வந்துவிடுகிறது. போன் போட்டு நல்லா இருக்கீகளா என்று கேட்டால் ஒரே பதில்தான்.

"இன்னும் ஒம்பதுலதேன் ஓடுது மாப்ள."