சத்தம் வராத சாப்பாடு

மனுஷங்க சாப்பிடுகிற சத்தம் எனக்கு ஆகாது. இதைச் சொன்னால், "யாருக்குத்தான் பிடிக்கும்?" என்று சிரிப்பார்கள். பிடிக்காதது வேறு, ஆகாதது வேறு. பக்கத்தில் ஒருத்தர் அப்பளம் கடித்தால் எனக்கு நெஞ்சு படபடக்கும், அவர் தலையில் சொம்பால் ஒரு போடு போடலாமா என்று தோன்றும். (பெற்ற தாயாக இருந்தாலும் சரி.) ஓசூரில் ஒரு டாக்டரம்மா இதற்கு மிசோபோனியா என்று பேர் சொன்னார். பேர் கிடைத்ததோடு சரி.

இந்த லட்சணத்தில் எனக்கு வேலை பிரஸ் ஷாப்பில். தகடு வெட்டுகிற மிஷின் நாளெல்லாம் தடால் தடால் என்று அடிக்கும். காதில் ஆரஞ்சு கலர் பிளக்கைச் செருகிக்கொண்டு நிம்மதியாக நிற்பேன். கேன்டீனுக்குப் போனால்தான் நரகம்.

ஏழு வருஷத்துக்கு முன்னால், தேன்கனிக்கோட்டைப் பக்கம் எங்கள் வீட்டுக்குத் தளியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை மிக்சர் தின்பதைக் கதவிடுக்கில் பார்த்தேன். வாயை மூடி மென்றார்! ஒரு சத்தமில்லை. (அந்த நிமிஷமே மனசுக்குள் தாலி ஏறியாச்சு.) அவர்களுக்கும் என்னைப் பிடித்துவிட்டது. பிடித்தால்தானே பெண் வீட்டில் கை நனைப்பார்கள்? "சரி, இலையப் போடுங்க" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

பத்து வாய், ஒரே வரிசையில். ஓடிப்போய் பையில் கிடந்த கம்பெனி பிளக்கைக் காதில் செருகி, முடியை இழுத்து மறைத்துக்கொண்டு ரசம் ஊற்ற வந்தேன்.

எல்லாரையும் தாங்கிவிட்டேன். எங்கள் அப்பாவைத்தான் முடியவில்லை. அவருக்குப் பல்செட். மெல்லும்போது டக் டக், ரசத்துக்கு சர்ர்ர். பிளக்கையும் தாண்டி வந்தது. (வந்ததாக நினைத்தேனோ என்னவோ, அந்தச் சத்தம் எனக்கு மனப்பாடம்.) அம்மா காதருகே குனிந்து ரகசியமாகச் சொன்னேன்: "அப்பாவ வாய மூடித் திங்கச் சொல்லும்மா. கேட்டாலே குமட்டுது."

ரகசியம் என்று நினைத்தது நான் மட்டும்தான். பிரஸ் ஷாப்பில் பிளக் போட்டுக்கொண்டு பேசினால் கத்தித்தான் பேச வேண்டும். காதில் பிளக் ஏறினால் தொண்டை தானாகத் திறந்துகொள்ளும். பந்தி மொத்தமும் அப்படியே நின்றுபோனது. நானோ, 'அப்பாடா, இப்பத்தான் பிளக் ஒழுங்கா வேலை செய்யுது' என்று சந்தோஷப்பட்டேன். கழுதை, கழுதை!

அப்பா பாதிச் சோற்றோடு இலையை மூடினார். மாப்பிள்ளையின் அப்பா நனைத்த கையை உதறிக்கொண்டு எழுந்தார். நான் பிளக்கைப் பிடுங்கியதும் கேட்ட முதல் பேச்சு அவருடையதுதான்: "பெத்தவருக்கே இப்புடின்னா, நாளைக்கு எங்களுக்கு என்னாங்க?" மாப்பிள்ளை என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் செருப்பை மாட்டினார்.

இன்றைக்கும் நான் ஊருக்குப் போய் இறங்கினால், "வாய மூடுங்க, சூப்பர்வைசர் வந்தாச்சு!" என்று அண்ணன் கத்துவான். வீடே சிரிக்கும். அப்பாதான் அதிகமாகச் சிரிப்பார். ஆனால் என் எதிரில் மட்டும் சாப்பிட மாட்டார். "நான் அப்பவே தின்னுட்டேன் பாப்பா" என்பார். கொல்லையில் தட்டோடு தனியாக நின்று தின்பதை இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்டால், "அட, விடு பாப்பா" என்று போய்விடுவார்.

போன மாசம் போயிருந்தேன். அப்பா தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். பல்செட்டைக் கழற்றியிருந்தார். தட்டில் ராகிக் களி.

"களின்னா மெல்ல வேணாமில்ல, முழுங்கறதுதானே. சத்தமே வராது" என்றார். "உன்கூட உக்காந்து தின்னு எத்தினி நாளாச்சு." இனி நான் வருகிற நாளெல்லாம் களிதான் என்று அம்மாவிடம் சொல்லி வைத்துவிட்டாராம்.

ஒவ்வொரு வாய்க்கும் அவர் தொண்டையில் களுக் என்றது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. எழுந்து ஓடாமல் இருக்கப் பாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"சத்தம் கேக்குதா பாப்பா?"

"இல்லப்பா" என்றேன். "இன்னொரு உருண்டை வச்சுக்கோங்க."